மனிதனைப் பற்றிப் படிக்க எந்த நூலில் தொடங்கலாம்? நான்கு இலவசப் பாடநூல்கள்: ஒரு மதிப்பீடு

மனித எலும்பைப் படிப்பவர்கள் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார்கள். மனத்தைப் படிப்பவர்கள் உளவியல் துறையில், கல்யாண முறையையும் சடங்கையும் படிப்பவர்கள் சமூகவியலில், கற்கருவிகளைப் படிப்பவர்கள் தொல்லியலில். இத்தனையையும் ஒரே உயிரினத்தின் கதையாகச் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறவருக்கு, பட்டப்படிப்பின் முதலாண்டுத் தரத்தில் நல்ல நூல்கள் இன்று காசில்லாமலே கிடைக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். எல்லாம் அமெரிக்க மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எதை முழுக்கப் படிப்பது, எதில் சில அத்தியாயங்கள் போதும், எங்கே தகவல் பழசாகிவிட்டது, எங்கே நம் பக்கத்துச் சான்றைச் சேர்த்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு நூல்தான் படிக்க முடியும் என்றால் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' படியுங்கள். மற்ற மூன்றையும் அதைச் சுற்றித் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்: முதுகெலும்பான நூல்

மனித உடலையும் பரிணாமத்தையும் ஆராயும் உயிரியல் மானிடவியலுக்கான திறந்த பாடநூல் இது. அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் ஆதரவில் 2019இல் முதல் பதிப்பும் 2023இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. பெத் ஷூக், லாரா பிராஃப், கேட்டி நெல்சன், கெல்சி அகிலேரா ஆகியோர் தொகுப்பாசிரியர்கள். 16 அத்தியாயங்கள், பின்னிணைப்புகள் தனி. ஒவ்வோர் அத்தியாயத்தையும் அந்தந்தத் துறையில் வேலை செய்கிறவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் பதிப்பையே இறக்குங்கள். தேடினால் முதல் பதிப்பும் கண்ணில் படும், கவனம்.

நூல் நான்கு படிகளாக ஏறுகிறது. முதல் 4 அத்தியாயங்கள் பரிணாமக் கொள்கையும் மரபியலும். 5, 6 குரங்கினங்கள். 7 முதல் 12 வரை புதைபடிவங்கள், ஆதிக் குரங்கினங்களிலிருந்து ஹோமோ சேப்பியன்ஸ் வரை. 13 முதல் 16 வரை இன்றைய மனிதர்கள்: இனம் என்ற கருத்து, தகவமைப்பு, தடயவியல், உடல்நலம். இந்த வரிசையை மாற்றாமல் படிப்பதே நல்லது. பலர் மண்டையோட்டுப் படங்களின் கவர்ச்சியில் நேரே 9ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். 4ஆம் அத்தியாயம் புரியாதவருக்கு 11ஆம் அத்தியாயத்தில் நியாண்டர்தால் மரபணு நமக்குள் எப்படி வந்தது என்ற பகுதி வெறும் செய்தியாகத்தான் நிற்கும்.

அந்த 4ஆம் அத்தியாயம் நூலின் மிகக் கடினமான பகுதி, மிகப் பயனுள்ள பகுதியும் அதுவே. திடீர் மாற்றம், மரபியல் நகர்வு, மரபணுப் பரவல், இயற்கைத் தேர்வு ஆகிய நான்கு விசைகளையும் ஹார்டி–வைன்பெர்க் சமன்பாட்டையும் கற்றுத்தருகிறது. இதைக் கண்ணால் மட்டும் படித்தால் ஏறாது, தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மக்கள்தொகையில் 100 பிறப்புக்கு 1 குழந்தை இரு பிரதி நோய் அல்லீலோடு (அல்லீல் என்பது ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) பிறக்கிறது என்று வையுங்கள். நோய் அல்லீலின் விகிதம் q, மற்றதன் விகிதம் p. q² = 0.01, எனவே q = 0.1, p = 0.9. ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்கள் 2pq = 0.18. அதாவது நோயாளி ஒருவர் என்றால் தாங்கிகள் 18 பேர். இங்கே தொடக்க மாணவர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: வர்க்கமூலம் எடுக்காமல் 0.01ஐயே q என்று வைத்து, p = 0.99 என்று தொடர்ந்துவிடுவது. நோயாளிகளின் விகிதம் வேறு, அல்லீலின் விகிதம் வேறு என்ற இடம் தெளிந்துவிட்டால் அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

இந்தச் சமன்பாடு திருமணம் குறிப்பின்றி, அதாவது உறவு பார்க்காமல் தற்செயலாக, நடக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. சொந்தத்தில் மணம் முடிப்பது அரிதான சமூகத்து மாணவருக்கு அந்த அனுமானத்தை ஒரு வரியில் கடந்துபோகலாம். நமக்கு அது போதாது. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு உள்ளினப்பெருக்கக் கெழு F (ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 1/16. அக்கா மகளைத் தாய்மாமன் மணந்தால் 1/8. இதைச் சேர்த்தால் இரு பிரதி பெறும் விகிதம் q² + Fpq ஆகிறது. q = 0.01 உள்ள ஓர் அரிய நோயை எடுங்கள். குறிப்பின்றி மணந்தால் 10,000 பிறப்பில் 1. மாமன் மகள் திருமணத்தில் 10,000இல் ஏறத்தாழ 7. தாய்மாமன் திருமணத்தில் ஏறத்தாழ 13. q = 0.1 உள்ள நோய்க்கு இதே கணக்கைப் போட்டால் 100இல் 1 என்பது மாமன் மகள் திருமணத்தில் சுமார் 1.6 ஆகத்தான் உயர்கிறது. நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குச் சொந்தத் திருமணத்தின் விளைவு பெருக்கித் தெரியும் என்பது இந்த இரண்டு கணக்கிலேயே விளங்கிவிடும். தமிழ் வாசகர் 4ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் இதை எழுதி வைத்துக்கொண்டு மேலே போவது நல்லது.

சமநிலைத் தேர்வுக்கு (தீங்கான அல்லீலும் ஒரு பிரதியில் நன்மை தருவதால் நிலைத்துவிடுவது) உலகப் பாடநூல்கள் எல்லாமே அரிவாள் செல் எடுத்துக்காட்டைத்தான் தருகின்றன. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். ஒரு பிரதி இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டு இருந்தால் நோய். இதைப் படிக்கும் பலர் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம். இந்த எடுத்துக்காட்டு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

5ஆம் அத்தியாயத்தில் குரங்கின வகைப்பாடு. ஈரமூக்கு உடையவை, உலர்மூக்கு உடையவை என்ற முதல் பிரிவிலிருந்து தொடங்கிப் பல், நகம், கண், வால் என்று அடையாளங்களை நிதானமாக அடுக்குகிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இது ஒரு கொடுப்பினை. அமெரிக்க மாணவர் விலங்குக் காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதை நாம் காட்டோரத்தில் பார்த்துவிடலாம். திண்டுக்கல், கரூர் பக்கத்துத் தேவாங்கு ஈரமூக்குப் பிரிவு. கீழ்த்தாடையில் சீப்புப் பற்கள், காலின் இரண்டாம் விரலில் சீர்செய்யும் நகம், இரவில் விளக்கொளி பட்டால் மின்னும் கண் என அத்தியாயம் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் அதனிடம் உண்டு. கோயில் வாசலில் திரியும் நாட்டுக்குரங்கும் வால்பாறைச் சிங்கவால் குரங்கும் கன்னப்பை உள்ள பிரிவு. பழத்தைப் பிடுங்கியதும் மெல்லாமல் கன்னத்தில் அடைத்துக்கொள்வதை உற்றுப் பாருங்கள். நீலகிரிக் கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. இலையைச் செரிக்க அறை அறையாகப் பிரிந்த இரைப்பை அதற்கு உண்டு. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் 5ஆம் அத்தியாயத்தின் வகைப்பாட்டுப் படம் மனப்பாடம் செய்யாமலே நினைவில் நிற்கும்.

புதைபடிவ அத்தியாயங்களில் பெயர்கள் மழையாகப் பொழிகின்றன. இங்கேதான் பலர் நூலை மூடிவைக்கிறார்கள். ஒரே தாளில் ஐந்து நெடுவரிசைகள் போட்டு வாசிப்பது உதவும்: இனம், காலம், இடம், மூளைக் கொள்ளளவு, நடக்கும் விதம். ஆஸ்திரலோபித்தேகஸ் அஃபாரென்சிஸ் சுமார் 39 முதல் 29 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மூளை 450 கன செ.மீ. அளவில், இரு காலில் நடை. நியாண்டர்தாலின் மூளை நம்முடையதைவிடச் சற்றுப் பெரியது. இப்படி நிரப்பிக்கொண்டே வந்து ஹோமோ நலெடியை எழுதும்போது வரிசை உடையும். அதன் காலம் வெறும் 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு முன். மூளையோ 465 முதல் 610 வரைதான். மூளை படிப்படியாகப் பெருகி ஒரே ஏணியில் ஏறி நாம் வந்தோம் என்ற எண்ணத்தை அந்த ஒரு வரி தகர்த்துவிடும். அட்டவணையை நீங்களே கையால் நிரப்ப வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அட்டவணையைப் பார்த்தால் அந்த அதிர்ச்சி கிடைக்காது.

13ஆம் அத்தியாயம் இந்த நூலின் மகுடம். மனிதர்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் பழைய இனக்கோட்பாடு எப்படி உருவானது, தோல் நிறம் போன்ற பண்புகள் ஏன் எல்லைக்கோடு இல்லாமல் படிப்படியாக மாறுகின்றன, ஒரு பண்பின் வரைபடம் ஏன் இன்னொரு பண்பின் வரைபடத்தோடு பொருந்துவதில்லை என்று பொறுமையாகக் காட்டுகிறது. 1972இல் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபடி மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்குழுவுக்குள்ளேயே இருக்கிறது. மூக்கு அளவை வைத்துச் சாதி அடுக்கை விளக்க முயன்ற காலனிய அளவெடுப்புகளின் வரலாறு உள்ள நாட்டில், இந்த அத்தியாயத்தைக் கல்லூரிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டும். வேறு எதையும் படிக்க நேரமில்லாத ஆசிரியர்கள்கூட இதை மட்டுமாவது அச்செடுத்து வகுப்பில் கொடுக்கலாம்.

குறைகளுக்கு வருவோம். பலர் கூடி எழுதியதால் நடை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறது. ஒருவர் கதைபோல் எழுத, அடுத்தவர் அகராதிபோல் அடுக்குகிறார். அடிப்படை விளக்கங்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, இந்தியத் துணைக்கண்டத்துக்குக் கிடைத்திருக்கும் சிறிய இடம். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா என்று கதை ஓடுகிறது. 10, 11ஆம் அத்தியாயங்களைப் படிக்கும்போது மூன்று தகவலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி. இந்தியப் பழைய கற்கால ஆய்வு அங்கே தொடங்குகிறது. இரண்டு, திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள அச்சூலியக் கைக்கோடரிகள் (இருபுறமும் செதுக்கிய பழைய கற்காலக் கருவிகள்) குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுப் பழமை, 15 லட்சம் வரை போகலாம். 2018இல் அதே இடத்தில் இடைப் பழைய கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டினார்கள். மூன்று, 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த மண்டையோட்டுப் பகுதி. கருவி நிறைய, எலும்பு அரிது என்பதுதான் நம் மண்ணின் நிலைமை. அதனாலேயே எலும்பை வைத்துக் கதை சொல்லும் பாடநூல்களில் நாம் மறைந்துபோகிறோம்.

பழசாகிவிட்ட இடம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நியாண்டர்தாலுக்கு நெருங்கிய பழைய மனிதக் கிளையான டெனிசோவன்களைப் பற்றி 2023 வரை எழுதிய எல்லா நூல்களும் ஒரு விரல் எலும்பு, சில பற்கள், ஒரு தாடை என்ற அளவில்தான் பேச முடிந்தது. 2021இல் 'ஹோமோ லோங்கி' என்று பெயரிடப்பட்ட ஹார்பின் மண்டையோடு டெனிசோவன் வகையைச் சேர்ந்தது என்பதைப் புரதச் சான்றும் இழைமணி டி.என்.ஏ சான்றும் 2025 ஜூனில் காட்டின. 11ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஓப்பன்ஸ்டாக்ஸ் மானிடவியல்: பண்பாட்டுப் பக்கத்துக்கு மட்டும்

டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2022இல் வெளியிட்டது 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஆந்த்ரோபாலஜி'. ஜெனிஃபர் ஹேஸ்டி, டேவிட் லூயிஸ், மார்ஜரி ஸ்னைப்ஸ் எழுதியது. 20 அத்தியாயங்கள். மானிடவியலின் நான்கு கிளைகளையும் ஒரே நூலில் தருவதாக முன்னுரை சொல்கிறது. பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள். உயிரியலுக்கு 4, 5 ஆகிய இரண்டே அத்தியாயங்கள். மொழிக்கு ஒன்று. தொல்லியலுக்குத் தனி அத்தியாயமே இல்லை, ஆய்வுமுறை அத்தியாயத்தில் பாதி. மீதி எல்லாம் பண்பாடு. ஆகவே இதை மட்டும் படித்துவிட்டு மனிதப் பரிணாமம் தெரியும் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த இரண்டு அத்தியாயங்களைத் தள்ளிவிட்டு எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் படித்தவர், இதில் 6 முதல் 14 வரையும் 17, 19ஐயும் எடுத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து முழு நூலாகிவிடும். தொல்குடிகளைப் பற்றிய 19ஆம் அத்தியாயம் தனிச்சிறப்பு. ஆய்வுப் பொருளாகப் பார்க்கப்பட்ட மக்களிலிருந்தே வந்த ஆய்வாளர் பேசும் குரல் அதில் கேட்கிறது. அத்தியாய முடிவில் வரும் சிறு களப்பணிப் பயிற்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள். பொருளாதாரம், உணவு பற்றிய பயிற்சிகளை உள்ளூர்ச் சந்தையிலேயே செய்துபார்க்கலாம்.

11ஆம் அத்தியாயம் உறவுமுறை. இங்கே தமிழ் வாசகர் விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் நமக்குத் தெரிந்தது நூலைவிட அதிகம். ஜார்ஜ் மர்டாக் 1949இல் வகுத்த ஆறு உறவுப்பெயர் முறைகள்தான் பல பாடநூல்களின் அட்டவணைகளுக்கு மூலம்: எஸ்கிமோ, ஹவாயி, இராக்குவா, சூடான், குரோ, ஒமாஹா. தமிழ் முறை எங்கே என்று தேடினால் தனிப்பெயராகக் கிடைக்காது. லூயிஸ் மார்கன் 1871லேயே தமிழ் உறவுப்பெயர்களையும் வட அமெரிக்காவின் செனிக்கா இராக்குவா மக்களின் உறவுப்பெயர்களையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டும் ஒன்றே என்று வியந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். பெரியப்பா மகன் அண்ணன், மாமன் மகன் மச்சான் என்ற பிரிவு இரண்டிலும் உண்டு. வேறுபாடு ஒரு சுற்று வெளியே போனால்தான் தெரியும். அப்பாவின் அத்தை மகன் உங்களுக்கு என்ன முறை? தமிழில் அவர் மாமா. அவர் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. இராக்குவா முறையில் அவர் அப்பாவின் தலைமுறை ஆண், அப்பா வழி, ஆகவே சிற்றப்பன் மாதிரி. அவர் பிள்ளைகள் உடன்பிறப்பு. தமிழ் முறை தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுக்கும் வீட்டாரை நினைவில் வைத்துப் பெயரிடுகிறது. இராக்குவா முறை இடையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதை மட்டும் பார்க்கிறது. ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி இதை 1964இல் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார். அட்டவணையில் இராக்குவா என்ற கட்டத்தில் தமிழை அடக்கும் எந்த நூலையும் இந்த ஒரு கேள்வியால் சோதித்துவிடலாம்.

'பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்ற இன்னொரு திறந்த நூலும் பண்பாட்டு மானிடவியலுக்கு உண்டு. 2017இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2020. எக்ஸ்ப்ளோரேஷன்ஸுக்கு மூத்த சகோதரி என்றே சொல்லலாம். களப்பணி செய்தவர்களின் குரலில் வாசிக்க விரும்புகிறவர்கள் ஓப்பன்ஸ்டாக்ஸுக்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டியதில்லை.

அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி: 28இல் 7 போதும்

ஓப்பன்ஸ்டாக்ஸின் உடற்கூறியல், உடலியங்கியல் நூல் 2013இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2022. செவிலியர், மருத்துவத் துணைப்படிப்பு மாணவர்களுக்கானது. 28 அத்தியாயங்கள், தலையணை அளவு. மனிதனைப் பரந்த நோக்கில் படிக்க வருகிறவர் இதை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் திசு வகைகளிலேயே மூச்சு வாங்கிவிடும். 3 (செல்), 6 (எலும்புத் திசு), 7 (நடு எலும்புக்கூடு), 8 (கைகால் எலும்புக்கூடு), 12 (நரம்பு மண்டலம்), 27, 28 (இனப்பெருக்கம், கருவளர்ச்சி, மரபு) ஆகிய ஏழும் போதும்.

7, 8ஐ எக்ஸ்ப்ளோரேஷன்ஸின் 9ஆம் அத்தியாயத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இரு கால் நடைக்கான சான்றுகள் எல்லாம் எலும்பின் மொழியில்தான் எழுதப்பட்டுள்ளன. மண்டையோட்டின் அடியில் முதுகுத்தண்டு நுழையும் துளை நடுவில் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா. இடுப்பெலும்பு குட்டையாக அகன்று கிண்ணம்போல் வளைந்திருக்கிறதா, உயரமாகத் தட்டையாக இருக்கிறதா. தொடையெலும்பு முழங்காலை நோக்கி உள்ளே சாய்கிறதா. கால் பெருவிரல் மற்ற விரல்களோடு வரிசையில் நிற்கிறதா. படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தன் உடலில் தொட்டுப் பாருங்கள்: காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பு, கழுத்தடியில் குனிந்தால் துருத்தும் 7ஆம் கழுத்தெலும்பு, இடுப்பின் முன்முனை. 206 எலும்புகளில் 80 நடு எலும்புக்கூட்டிலும் 126 கைகால்களிலும் உள்ளன. இந்தக் கணக்கில் முதுகெலும்புத் தொடர் 26 என்று வருவது பலரைக் குழப்பும். தனி எலும்புகள் 24. பல எலும்புகள் ஒட்டி ஒன்றான திருவெலும்பும் வாலெலும்பும் சேர்ந்து 26.

சைக்காலஜி: இரண்டாம் அத்தியாயத்திலிருந்து

ஓப்பன்ஸ்டாக்ஸ் 'சைக்காலஜி' இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது. 16 அத்தியாயங்கள், நான்கு நூல்களில் வாசிக்க மிக எளிது. அந்த எளிமையே ஆபத்தும் ஆகிறது. உளவியல் முடிவுகள் கதைபோல இனிப்பாக இருப்பதால் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுவோம். ஆகவே முதலில் 2ஆம் அத்தியாயம், ஆய்வுமுறை. உடன்தொடர்பு காரணம் ஆகாது, கட்டுப்பாட்டுக் குழு எதற்கு, ஒரு சோதனையை வேறொருவர் திரும்பச் செய்து அதே முடிவு வர வேண்டியது ஏன் என்பவை மனத்தில் ஊன்றிய பிறகே மற்றவை. அடுத்து 3, பிறகு 5 முதல் 9 வரை. 13ஆம் அத்தியாயமான தொழில் உளவியலை விட்டுவிடலாம்.

12ஆம் அத்தியாயத்தில் 1971இன் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை வருகிறது. காவலர் வேடம் தந்தாலே நல்லவரும் கொடியவராகிவிடுவார் என்று உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட கதை. காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே வழிகாட்டப்பட்டிருந்ததை ஆவணக் காப்பகச் சான்றுகளோடு திபோ லெ டெக்ஸியே 2019இல் வெளியிட்டார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராமின் சோதனையையும் அதே அத்தியாயத்தில் பார்ப்பீர்கள். 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள் என்ற புகழ்பெற்ற எண் அவர் செய்த பல வடிவங்களில் ஒன்றுக்கு மட்டும் உரியது. மற்ற வடிவங்களில் கீழ்ப்படிதல் பெரிதும் ஏறி இறங்குகிறது. சூழல் மாறினால் நடத்தை மாறும் என்ற பாடம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இன்னொன்றை வாசிப்பு முழுக்க நினைவில் வையுங்கள். 2003 முதல் 2007 வரை முன்னணி உளவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டவர். உலக மக்களில் அவர்கள் 12 விழுக்காடுதான். ஜோசஃப் ஹென்ரிக் குழுவினர் 2010இல் இதை எடுத்து வைத்து, இத்தகைய மாதிரியிலிருந்து 'மனிதர்கள் இப்படித்தான்' என்று பேசலாமா என்று கேட்டார்கள். அம்புமுனைக் கோடுகளைப் பார்த்து நீளத்தில் ஏமாறும் முல்லர்–லையர் மாயை எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. கண்ணே இப்படி என்றால் சுயமதிப்பு, குடும்பப் பாசம், தனித்தன்மை பற்றிய 11ஆம் அத்தியாய முடிவுகளை எவ்வளவு எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும் என்று பாருங்கள். மானிடவியல் நூலோடு சேர்த்துப் படிக்கச் சொல்வதன் காரணமும் இதுதான். தனித்துப் படித்த உளவியல் எளிதில் தன் எல்லையை மறந்துவிடும்.

15ஆம் அத்தியாயம் மனநோய் வகைப்பாட்டை அமெரிக்க டி.எஸ்.எம்–5 கையேட்டின்படி தருகிறது. அந்தக் கையேட்டின் திருத்திய வடிவம் 2022இல் வந்து, நீடித்த துயரக் கோளாறு போன்றவை அதில் சேர்ந்துவிட்டன. நூல் அதற்கு முந்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி–11 வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்திய மருத்துவமனைப் பதிவேடுகளில் ஐ.சி.டி குறியீடுகளே புழங்குகின்றன. அத்தியாயத்தைப் பொது அறிவுக்காகப் படியுங்கள். தனக்கோ வீட்டாருக்கோ நோய்ப்பெயர் சூட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது.

பழைய அச்சு நூல் வாங்குகிறவர்களுக்கு

திரையில் படிக்க முடியாதவர்கள் பழைய புத்தகக் கடையில் கனமான அமெரிக்கப் பாடநூல்களைக் குறைந்த விலையில் பிடிப்பது உண்டு. தவறில்லை. ஆனால் அட்டையில் உள்ள பதிப்பு எண்ணை நம்பாமல், கடையிலேயே சொல்லடைவைத் திறந்து ஐந்து இடங்களைப் பாருங்கள். ஹோமோ சேப்பியன்ஸ் 2 லட்சம் ஆண்டுதான் என்றால் நூல் 2017க்கு முந்தியது. மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூத் அதை 3 லட்சத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஹோமோ ஃபுளோரெசியென்சிஸ் 12,000 அல்லது 18,000 ஆண்டுக்கு முன்வரை வாழ்ந்தது என்றால் 2016க்கு முந்தியது. எலும்புகளின் காலம் இப்போது 1 லட்சம் முதல் 60,000 ஆண்டு என்று திருத்தப்பட்டிருக்கிறது. மூளையில் 10,000 கோடி நியூரான்கள், அதைப்போல் பத்து மடங்கு கிளியா செல்கள் (நியூரான்களுக்குத் துணைநிற்பவை) என்றால் 2009இன் கணக்கெடுப்பு எட்டாத நூல். 8,600 கோடி என்பதும் கிளியா ஏறத்தாழ அதே எண்ணிக்கை என்பதும் இன்றைய நிலை. உடலில் மனித செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்ற கணக்கும் 2016இல் கிட்டத்தட்டச் சமம் என்று குறைந்துவிட்டது. நியாண்டர்தால்களோடு நமக்குக் கலப்பே இல்லை என்று எழுதியிருந்தால் அது 2010க்கு முந்திய நூல். மரபியல், புதைபடிவப் பகுதிகளுக்கு அதை வாங்காதீர்கள். எலும்பு, தசைப் படங்களுக்கு மட்டும் என்றால் முப்பது வருடப் பழைய நூலும் நன்றாகவே உதவும். எலும்பு மாறவில்லை.

படிக்கும் வரிசை, அச்சு, தேர்வு

உடற்கூறியல் 3, 6, 7, 8. பிறகு எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் முழுதும். பிறகு உடற்கூறியல் 12, அதோடு ஒட்டி சைக்காலஜி 2, 3, 5 முதல் 9 வரை, 11, 12. கடைசியில் பண்பாட்டு மானிடவியல். உடற்கூறியல் 27, 28ஐ எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் 3க்கு அருகில் செருகிக்கொள்ளலாம். வாரம் ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் ஓராண்டில் நிதானமாக முடியும். அத்தியாய இறுதிக் கேள்விகளுக்கு நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். அடிக்கோடு போடுவது மட்டும் படிப்பாகாது.

குடிமைப் பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப்பாடமாக எடுப்பவர்களுக்கு: தலா 250 மதிப்பெண்ணுள்ள இரண்டு தாள்களில் முதல் தாளின் உயிரியல் பகுதிக்கு எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் மிக நல்ல அடித்தளம். இரண்டாம் தாள் இந்தியச் சமூகம், பழங்குடிகள், இந்தியத் தொல்வரலாறு. அதற்கு இந்த நான்கில் எதுவும் உதவாது. இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மானிடவியல் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக உள்ளன, அங்கே போங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. இந்தியச் சமூக நூலையும் அதற்கு முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

எக்ஸ்ப்ளோரேஷன்ஸை அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்பாக இறக்கலாம். அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டு, லாபநோக்கமின்றிப் படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் இடம் தருகிறது. உள்ளே வரும் படங்கள் சிலவற்றுக்குத் தனி உரிமம் உண்டு, மொழிபெயர்ப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களுக்கும் முதல் பக்கத்து உரிமக் குறிப்பைப் படித்துவிட்டே படியெடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது உரைப்பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் இருபுறமும் அடிக்கலாம். தோல் நிற வரைபடம், குரங்கினக் கிளைப்படம், நரம்பு மண்டலப் படங்கள் ஆகியவை நிறத்தை நம்பி வரையப்பட்டவை, சாம்பலில் அடித்தால் ஒன்றும் பிரியாது. அந்தப் பக்கங்களின் எண்களை மட்டும் தனியாகக் குறித்துக் கொடுத்து வண்ணத்தில் எடுங்கள்.